முதுகு இருப்பதே தெரியாது

அவர் முதுகுவலியால் சாகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப் பேர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "அந்த முதுகுதான் கடைசியில ஆளச் சாய்ச்சிடுச்சு, இல்ல?" என்று கேட்டார்கள். அவர் மனைவி ஒவ்வொருவரிடமும், இல்லை, நெஞ்சு; முதுகு சரியாகி ஒன்பது வருஷம் ஆகிறது என்று பொறுமையாகச் சொன்னாள். மூன்றாம் நாளுக்கு மேல் தலையை மட்டும் ஆட்டினாள். யாருக்குமே, தாம் எந்த நோய்க்கு யோசனை சொன்னோமோ அந்த நோயால்தான் ஆள் போனார் என்று நம்புவதில் ஒரு திருப்தி இருக்கிறது. சொன்னதைக் கேட்கவில்லை என்பதற்கு அதைவிட உறுதியான அத்தாட்சி கிடைக்காதல்லவா.

ஆனாலும் அந்த முதுகுக்கு ஒரு கதை உண்டு.

அவர் மெத்தைக் கடையில் தலைமை விற்பனையாளர். கடைத்தெரு முழுக்க அவரை மெத்தைக்காரர் என்றுதான் சொல்லும். கடையில் கீழ்த்தளம் சோபா, மேல்தளம் மெத்தை. மேல்தளத்துக்கு வாடிக்கையாளர் ஏறி வந்ததும் அவர் ஒன்றும் பேச மாட்டார். ஷூவைக் கழற்றுவார். சட்டைப்பையில் இருக்கும் பேனாவை எடுத்து, "கொஞ்சம் பிடிங்க" என்று வாடிக்கையாளர் கையிலேயே கொடுப்பார். மெத்தையில் மல்லாந்து படுத்து, கண்ணை மூடி மூன்று மூச்சு விடுவார். பிறகு, கையை எங்கும் ஊன்றாமல் சட்டென்று எழுந்து உட்கார்வார்.

"பாத்தீங்களா? இருபது வருஷமா இதுலதான் படுக்கறேன். முதுகு இருக்கறதே தெரியாது."

போன மாதம்தான் சந்தைக்கு வந்த மெத்தையானாலும் அவர் இருபது வருஷமாக அதில்தான் படுத்தார். வீட்டில் கணவனும் மனைவியும் படுத்தது நடுவில் பள்ளம் விழுந்த ஒரு பழைய பஞ்சு மெத்தை. அதைப் பற்றி அவள் ஒருநாள் கேட்டபோது, "சமையல்காரன் வீட்டுல போய் சாப்பாடு கேப்பாங்களா?" என்றார்.

வலி ஆரம்பித்தது ஒரு தும்மலில். ஷூ லேஸைக் கட்டக் குனிந்தவர் அப்படியே தும்மினார். நிமிரும்போது இடுப்பில் யாரோ ஆணி அறைந்ததுபோல் இருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, "இந்தச் சுவர்ல வெள்ளை பூசி எத்தன வருஷம் ஆச்சு?" என்று கேட்டார். இருபத்து மூன்று வருஷக் குடித்தனத்தில் அவர் சுவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவளுக்கு அப்போதே சந்தேகம்.

"என்னங்க, இடுப்பு பிடிச்சுக்கிச்சா?"

"பிடிக்கிறதுக்கு இடுப்பு என்ன பஸ்ஸா? ஒண்ணுமில்ல."

ஒன்றுமில்லாதது முதல் வாரம் இடுப்பில் இருந்தது. இரண்டாம் வாரம் வலது தொடைக்கு இறங்கியது. கடையில் தெரிந்தால் வேலையே போய்விடும் என்று அவர் உறுதியாக நம்பினார். முதுகுவலி உள்ள மெத்தை விற்பனையாளரும் வழுக்கைத் தலையோடு முடித் தைலம் விற்பவரும் ஒன்று என்பது அவர் கணக்கு. அதனால் கடைக்குத் தெரியக்கூடாது என்று வீட்டில் சொன்னார். வீட்டில் சொன்னால் உறவுக்குத் தெரியாமல் இருக்குமா? அவளுடைய அண்ணன் மறுநாளே வந்து நின்றான்.

அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவன். இருபது வருஷமாக, பிரேக் போடத் தெரியாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தே பிழைத்தவன். உலகத்தில் எல்லாக் கோளாறுக்கும் காரணம் உட்காரும் விதம் என்பது அவன் சித்தாந்தம்.

"மாப்ள, நான் சொல்றதக் கேளுங்க. பெல்ட். பெல்ட் போட்டா எல்லாம் நின்னுடும்."

"மச்சான், அது கார்ல போடற பெல்ட்டு."

"காரோ இடுப்போ, ஆள் ஆடாம இருக்கணும். அவ்வளவுதான் விஷயம்."

ஒரு முழ அகலத்தில் பெல்ட் வந்தது. அதைக் கட்டிக்கொண்டதில் அவருக்கு மூச்சு நின்றதே தவிர வலி நிற்கவில்லை. மாடி வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர், வாசற்படியில் அவர் ஏறும் விதத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமலே உள்ளே வந்தார். முதுகெலும்பு சுருங்கிவிட்டது, தொங்கினால் நீளும் என்றார். மூன்று நாள் காலையில் மெத்தைக்காரர் சமையலறைக் கதவு நிலையைப் பிடித்துத் தொங்கினார். நான்காம் நாள் நிலைச்சட்டம்தான் கொஞ்சம் நீண்டு கீழே வந்தது. ஆசிரியர் அதைப் பார்த்து, "சரியான முறையில தொங்கல. தோள் இறங்கியிருக்கணும்" என்றார்.

இதற்கெல்லாம் மேலே அவரே ஒரு வைத்தியம் வைத்திருந்தார். மெத்தையை மாற்றுவது. பழைய பஞ்சு மெத்தை வெளியே போனது. கடையிலிருந்து, "சோதனைக்கு" என்று சொல்லி வாரத்துக்கு ஒன்றாகக் கொண்டுவந்தார். கெட்டி, அரைக்கெட்டி, மெது, அதிமெது. ஒரு வாரம் அவள் பலகையில் படுத்தாள். அடுத்த வாரம் சேற்றில் படுத்தாள். அவருக்கு வந்த வலியில் பாதி அவளுக்கும் வந்தது.

அவள் பொது நூலகத்தில் வேலை பார்த்தாள். புத்தகம் கொடுப்பது, திரும்ப வாங்குவது, கிழிந்த முதுகுகளுக்குத் துணி ஒட்டுவது. நூலகத்துக்கு வருபவர்களை அவள் ஒரே ஒரு அளவுகோலால் அளந்தாள்: சொன்ன நாளில் புத்தகம் திரும்பி வருகிறதா இல்லையா. அந்த அளவில் ஊரிலேயே முதலிடம் ஒரு பெண்ணுக்கு. மூன்று வருஷத்தில் ஒருநாள்கூடத் தாமதித்ததில்லை, பக்கத்தை மடித்ததில்லை. அந்தப் பெண் ஆஸ்டியோபதி வைத்தியர். மருந்து இல்லை, ஊசி இல்லை. கையாலேயே தசையையும் மூட்டுகளையும் தடவிப் பார்த்து, அழுத்தி, தளர்த்திச் சரிசெய்கிற வைத்தியம். மெத்தைக்காரர் அவருக்கு எலும்பம்மா என்று பெயர் வைத்திருந்தார்.

மூன்றாம் வாரம் எலும்பம்மா புத்தகத்தை நீட்டியபோது அவள் மெதுவாகக் கேட்டாள். "மேடம், எங்க வீட்டுக்காரருக்கு இடுப்புவலி. எப்ப உங்ககிட்ட கூட்டிட்டு வரணும்?"

"எத்தன நாளா இருக்கு?"

"ரெண்டு வாரம் தாண்டிடுச்சு. கால்லயும் இறங்குது."

"அப்போ இதான் நேரம். சாதாரணப் பிடிப்புன்னா ஒரு வாரம் பத்து நாள்ல தானா தணிய ஆரம்பிக்கும். தணியலன்னா, குனியறது நிமிர்றதெல்லாம் கஷ்டமாயிருந்தா, வந்து காட்டறதுதான் நல்லது. தள்ளிப் போடாதீங்க."

அவள் சந்தோஷமாக வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

"எலும்பம்மாகிட்டயா? அவங்க கிளினிக் எங்க இருக்கு தெரியுமா?"

"உங்க கடைக்கு நேர் எதிர்ல."

"அதான் சொல்றேன்! எங்க மேல்மாடிக் கண்ணாடியில இருந்து பாத்தா அவங்க வாசல்தான். நான் அந்தப் படியேறறத ஒரு வாடிக்கையாளர் பாத்தாப் போதும். கடைய மூடிட்டுச் சாவிய அந்தம்மாகிட்டயே குடுத்துடலாம்."

"அப்போ வலிய என்ன பண்றதா உத்தேசம்?"

"அடுத்த வாரம் ரப்பர் மெத்தை வருது."

அவள் கெஞ்சினாள்; திட்டினாள்; இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். பேசாமல் இருந்ததை அவர் கவனிக்கவே இல்லை. வலியை மறைப்பதே முழுநேர வேலையாக இருந்தது பாவம்.

ஆறாம் வாரச் சனிக்கிழமை, காலை பதினொரு மணிக்கு, நூலகத்துக்குப் போன் வந்தது. கடை மேனேஜர். அவளைவிடப் பத்து வயது சின்னவர்.

"அக்கா, கொஞ்சம் கடைக்கு வர முடியுமா? சார் தூங்கறாரு."

"தூங்கறாரா?"

"மெத்தையக் காட்டறேன்னு படுத்தாரு. அரைமணி நேரமாச்சு. எழுப்பினா, கண்ணைத் திறக்காமலே போங்கன்னு கையக் காட்டறாரு."

அவள் ஓடினாள். மேல்தளத்தில் ஒரு சின்னக் கூட்டமே நின்றது. நடுவில், அதிமெது மெத்தையில், கைகளை மார்பின் மேல் கோத்தபடி அவர் கிடந்தார். நெற்றி முழுக்க வியர்வை. ஒரு வயதான தம்பதி அவரைச் சுற்றி வந்து பார்த்தார்கள். அந்த மனிதர் கையில் இவருடைய பேனா இன்னமும் இருந்தது.

"இவ்வளவு சத்தத்துல தூங்கறாரு பாரு" என்றார் அந்தம்மா கணவரிடம். "எனக்கு இதே மெத்தைதான் வேணும்."

அவள் அவர் காதருகே குனிந்தாள். "என்னங்க. எழுந்திருங்க."

உதடு அசையாமல் பதில் வந்தது. "முடியல."

"என்ன முடியல?"

"எழுந்திருக்க முடியல. தூங்கறேன்னு சொல்லு. எல்லாரும் போகட்டும்."

அவள் நிமிர்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக வாடிக்கையாளர்களிடம் பொய் சொன்னாள். "அவருக்கு நல்ல தூக்கம். பாவம், தொந்தரவு பண்ண வேண்டாம்."

அன்று அந்த மெத்தையில் மூன்று விற்றன. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடையை மூடிய பிறகு அவளும் மேனேஜரும் ஆளுக்கொரு தோளைப் பிடித்து, பீரோவை நகர்த்துவதுபோல அவரை நிமிர்த்தினார்கள். விஷயம் உடைந்துவிட்டது என்று அவர் தலை குனிந்து நின்றார். மேனேஜரோ விற்பனை ரசீதுகளைப் பார்த்துக்கொண்டே, "அண்ணே, இத வாராவாரம் பண்ண முடியுமா?" என்றார்.

திங்கட்கிழமை காலை அந்த அதிசயம் நடந்தது. அவர் படுக்கையிலிருந்து சத்தமில்லாமல் எழுந்தார். கண்ணாடி முன்னால் நின்றார்.

"வலி போச்சு" என்றார்.

"என்னது?"

"போச்சுங்கறேன்! நேத்து வரைக்கும் தொடையில தீ வச்ச மாதிரி இருந்துச்சு. இப்ப ஒண்ணுமே இல்ல. முதுகு இருக்கறதே தெரியல." சொல்லிவிட்டு அவரே அசந்துபோனார். இருபது வருஷமாக ஊருக்குச் சொன்னது முதல் தடவையாக உண்மையாகிவிட்டதே என்ற ஆச்சரியம் அது. "நான் சொல்லல? ரப்பர் மெத்தை!"

கால் மட்டும் கொஞ்சம் தள்ளாடியது. இத்தனை நாள் வலியில் பலம் குறைந்திருக்கும் என்றார். அவளும் நம்பினாள். நம்பத்தான் ஆசையாக இருந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, கடைக்கு வார விடுமுறை. சேதி கேட்டு அண்ணனும் மாடி வீட்டு ஆசிரியரும் வந்துவிட்டார்கள். அடுத்தவர் குணமானதைப் பாராட்ட வந்தவர்கள் மாதிரி இல்லை. பரிசு வாங்க வந்தவர்கள் மாதிரி இருந்தது.

"ஆறு வாரம் பெல்ட். சும்மாவா?" என்றான் அண்ணன்.

"பெல்ட் தசையச் சோம்பேறியாக்கும். இவர நிமிர்த்தினது தொங்கல்தான்" என்றார் ஆசிரியர்.

"நிலைச்சட்டம் விழுந்ததோட தொங்கறத விட்டுட்டாரே சார்?"

"பலன் மெதுவாத்தான் தெரியும்."

"ரெண்டும் இல்ல மச்சான், மெத்தை" என்றார் அவர், சோபாவில் சாய்ந்து, கால்மேல் கால் போட முயன்று, முடியாமல், போட்டதுபோலப் பாவனை செய்துகொண்டு.

அவள் தேநீர் கொண்டுவந்தாள். கோப்பையில் சர்க்கரை அளவு பார்க்க மூக்குக்கண்ணாடியைத் தேடினாள். மேசையில் இல்லை; அலமாரியில் இல்லை. ஒரு மணி நேரம் முன்னால் சோபாவில் வைத்தது நினைவு வந்தது.

"கொஞ்சம் எழுந்திருங்க."

அவர் கையை ஊன்றி எழுந்தார். கண்ணாடி அவருக்குக் கீழே இருந்தது. காதில் மாட்டும் கம்பி ஒன்று முறிந்திருந்தது. ஒரு பக்க வில்லை சுக்கலாகி, அதில் ஒரு துண்டு பேன்ட் துணியைக் குத்திக்கொண்டு நின்றது.

அண்ணன் சிரித்தான். "மாப்ள, முள்ளு மேல படுக்கற சாமியார் மாதிரி ஆயிட்டீங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவள் மட்டும் அந்தத் துண்டைப் பிடுங்கிப் பார்த்தாள். நுனியில் ரத்தம்.

"ஒரு மணி நேரம் இது மேல உக்காந்திருந்தீங்க. குத்தலையா?"

"இல்லையே."

"இப்ப?" என்று அவர் பின்னால் விரலால் அழுத்தமாகக் கிள்ளினாள். அண்ணன் எதிரில் அப்படிச் செய்பவள் இல்லை அவள்.

"என்ன பண்ற நீ?"

"கிள்ளினேன்."

"எங்க?" என்றார் அவர்.

நேற்றிலிருந்து குளியலறையில் அவர் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு கால்மணி நேரம் நிற்பது அவளுக்கு அப்போது ஞாபகம் வந்தது. அவள் கைப்பையை எடுத்தாள்.

"கிளம்புங்க. கடைக்கு எதிர் கிளினிக்குக்கு."

"வலியே போன பிறகா?"

"இன்னைக்கு உங்க கடை லீவு. ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. வர்றீங்களா, இல்ல நான் அண்ணனத் தூக்கச் சொல்லட்டுமா?"

அண்ணனின் டிரைவிங் ஸ்கூல் காரில், தலைக்கு மேல் 'பழகுநர்' என்ற பலகையோடு போனார்கள். கிளினிக் ஒரே ஓர் அறை. நடுவில் கட்டில், சுவரில் ஒரு கடிகாரம், ஜன்னலுக்கு எதிரே மெத்தைக் கடையின் மூடிய கதவு. எலும்பம்மா அவரைக் கட்டிலில் உட்காரவைத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். அவரும் விற்பனைப் பேச்சில் பதில் சொல்ல ஆரம்பித்தார்.

"கால்ல மரத்துப்போன மாதிரி இருக்கா?"

"அப்படியெல்லாம் சொல்ல முடியாது. லேசா இருக்கு. சுகமா இருக்கு."

"ரெண்டு கால்லயுமா?"

"ரெண்டும் ஒரே மாதிரி லேசு."

"உக்கார்ற இடத்துல உணர்ச்சி இருக்கா? ஒண்ணுக்குப் போறது எப்படி?"

"அதெல்லாம் ஒரு குறையும் இல்ல."

"பொய்" என்றாள் அவள். அவர் திரும்பி முறைத்தார். "குறை இருக்கு மேடம். நேத்துலேர்ந்து குழாயத் திறந்துவிட்டுட்டு நிக்கறாரு. வரமாட்டேங்குது. கண்ணாடிச் சில்லு குத்தினது தெரியல. கிள்ளினது தெரியல. வலி போச்சுன்னு சந்தோஷப்பட்டுட்டு இருந்தோம்."

எலும்பம்மாவின் முகம் மாறியது. மெத்தைக்காரர் பாதத்தைப் பிடித்து, "என் கையைத் தள்ளுங்க" என்றார். பாதம் தள்ளவில்லை. ஒரு சின்னச் சுத்தியால் கணுக்காலில் தட்டினார். கால் சும்மா கிடந்தது. உடனே போனை எடுத்தார்.

"மேடம், கட்டில்ல படுக்கட்டுமா? எப்படிப் படுக்கணும்?" என்று கேட்டார் அவர்.

"இங்க படுக்க வேண்டாம். நான் இதுல கை வைக்க மாட்டேன். முதுகெலும்போட அடியில இருக்கற நரம்புக் கொத்து நசுங்குது. நாலு வாரம் முன்னாடி வந்திருந்தா அது என் வேலை. இப்ப இது ஆப்பரேஷன் பண்றவங்க வேலை. இன்னைக்கே. இந்த நிமிஷமே."

"கையே வைக்க மாட்டீங்களா?" அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "கூப்பிடாதவங்க எல்லாம் வந்து கை வச்சாங்க. தேடி வந்தா நீங்க வைக்க மாட்டேங்கறீங்க!"

"வலி போறதுன்னா குணமாறதுன்னு எல்லா நேரமும் அர்த்தமில்ல சார். சில நேரம், வலியச் சொல்ற நரம்பே போகுதுன்னு அர்த்தம்."

எலும்பம்மா ஒரு தாளில் வேகமாக எழுதி அவளிடம் கொடுத்தார். ஆறு வாரமாக ஆளுக்கு ஆள் அந்த முதுகுக்கு வைத்தியம் பார்த்திருந்தார்கள். வைத்தியம் படித்திருந்த ஒரே ஆள் தொடாமல் அனுப்பினார். அண்ணன் காரை எடுத்தான். வாழ்நாளில் முதல் தடவையாக அவன் வேக எல்லையைத் தாண்டினான். எப்படி உட்கார வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் சிறுநீர்க் குழாய் போட்ட நர்ஸ், நிறைந்துபோன பையைப் பார்த்து, "இவ்வளவு இருந்தும் உங்களுக்குத் தோணலையா சார்?" என்றாள். படம் எடுத்தார்கள். நழுவிய டிஸ்க் ஒன்று நரம்புகளின் மேல் உட்கார்ந்திருந்தது. சாயங்காலமே அறுவை சிகிச்சை. டாக்டர் வெளியே வந்து சொன்னார்: "அழுத்தத்த எடுத்துட்டோம். நரம்புக்கு உணர்ச்சி திரும்புமா, எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா இதக்கூடச் சொல்லியிருக்க மாட்டேன்."

மறுநாள் காலை ஓர் இளம் டாக்டரம்மா ஊசியோடு வந்து பாதத்தைத் தொட்டாள். "இது தெரியுதா?"

"தெரியுது."

"கூர்மையா, மழுங்கலா?"

"கூர்மை." அவர் முகத்தில், மெத்தை பிடித்துப்போன வாடிக்கையாளருக்கு ரசீது எழுதும்போது வரும் புன்னகை.

மனைவி கால்மாட்டில் நின்றாள். டாக்டரம்மா தொட்டது ஊசியின் மழுங்கிய முனையால். அவள் கட்டிலைச் சுற்றி வந்து அவர் கையைப் பிடித்தாள்.

"இங்க யாரும் எதையும் வாங்க வரல" என்றாள். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க."

அவர் கூரையைப் பார்த்தார். புன்னகை மெல்ல இறங்கியது. அந்த முகத்தை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

"தெரியல" என்றார். "ஒண்ணுமே தெரியல. எனக்குப் பயமா இருக்கு."

டாக்டரம்மா எழுதிக்கொண்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்று போனாள். அன்று மத்தியானம் மேனேஜர் வந்தார். ஆஸ்பத்திரி மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்து, இதைக் கொடுத்தவன் யார் என்று கேட்டுவிட்டு, வார்டுக்கு மொத்தமாக மாற்றுவதைப் பற்றி யாரிடம் பேச வேண்டும் என்று விசாரிக்கப் போனார். மாடி வீட்டு ஆசிரியர் வந்து, தொங்கியிருக்காவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும் என்றார். அண்ணன் மட்டும் மூலையில் சும்மா நின்றான். போகும்போது, "பெல்ட்டத் தூக்கிப் போட்டுடு" என்று தங்கையிடம் தாழ்ந்த குரலில் சொன்னான்.

மூன்றாம் நாள் காலை. நர்ஸ் அவரைப் பக்கவாட்டில் புரட்டி விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தாள். மனைவி ஜன்னலோரம் முகம் துடைத்த துண்டைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஐயோ!"

நர்ஸ் பதறிக் கையை எடுத்தாள். மனைவி ஓடி வந்தாள்.

"என்னங்க?"

"வலிக்குது!" அவர் குரல் வார்டு முழுக்கக் கேட்டது. எதிர்க் கட்டிலில் இருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "ஏய், வலிக்குதுடி!"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "எங்க வலிக்குது? சொல்லுங்க."

அவர் சொன்னார். இடது பாதத்தில், சுண்டு விரலுக்குக் கொஞ்சம் கீழே, ஊசியால் கீறினாற்போல. பிறகு குதிகாலில், எறும்பு கடித்ததுபோல. தொடையின் பின்பக்கம், சுடுநீர் பட்ட மாதிரி. உட்காரும் இடத்தில் அந்தச் சில்லு குத்திய புண், இப்போதுதான் குத்தியதுபோல. ஒவ்வொன்றும் எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம், விட்டு விட்டா, தொடர்ந்தா என்று, ஒன்றையும் குறைக்காமல், ஒன்றையும் கூட்டாமல் சொல்லிக்கொண்டே போனார். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குறுக்கே ஒரு வார்த்தையும் பேசாமல், கடைசி வரை கேட்டாள்.